தப்பா எடுத்துக்காதீங்க!

வட இந்தியாவில் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் செல்லுபடியாகும் ஒரு வாசகம் உண்டு. ‘புரா ந மானோ, ஹோலி ஹை!’ நம்ம பாஷையில் சொன்னால், ‘தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு ஹோலி!’

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது என்ன மாதிரி வாசகம்? மன்னிப்பா? மன்னிப்பு என்பது தப்பு பண்ணின பிறகு கேட்பது. இதுவோ பண்ணுவதற்கு முன்பே வருகிறது. சரி, அனுமதியா? அனுமதி என்றால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இது காத்திருப்பதே இல்லை. வாசகம் முடிவதற்குள் உங்கள் கன்னத்தில் பொடியை அப்பியாகிவிடும்.

கோர்ட் பாஷையில் இதற்கு ஏறக்குறைய முன்ஜாமீன் என்று பெயர். ஒரே ஒரு வித்தியாசம். முன்ஜாமீனைக்கூட ஒரு நீதிபதி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இதை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளலாம்!

ஹோலி நம்ம ஊர்ப் பண்டிகை இல்லையே, நமக்கென்ன வந்தது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சௌகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறார்கள். இப்போது பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பூங்காக்களிலும் கலர் பறக்கிறது. ஆனால், நான் கேட்கவந்த கேள்வி கலரைப் பற்றியது இல்லை. பிள்ளையார் ஊர்வல டிரம், கல்யாண வீட்டு ஸ்பீக்கர், கட்சி மாநாட்டுத் தோரணம், நள்ளிரவுப் புத்தாண்டு பைக் என எல்லாவற்றுக்குள்ளும் அதே கேள்விதான் ஒளிந்திருக்கிறது.

எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில், என் சந்தோஷத்தை இன்னொருத்தர் மேல் பூச எனக்கு உரிமை உண்டா?

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் இருக்கும். பாதிப் பேர் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துவிடுவோம். எனக்கு அதில் இரண்டு விஷயங்கள் மட்டும் இன்னும் மறக்கவில்லை. ஒன்று, 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். சம்மதம் என்றால் என்ன என்று அதன் 13-வது பிரிவு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. இரண்டு பேர், ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வது. அவ்வளவுதான். அடுத்த பிரிவு, அந்தச் சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. மிரட்டி வாங்கினது, செல்வாக்கைக் காட்டி வாங்கினது, ஏமாற்றி வாங்கினதெல்லாம் கணக்கில் வராது.

இரண்டாவது, ஒரு குதிரைக் கதை. 1862-ல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு. ஒரு மாமா தன் மருமகனுக்குக் கடிதம் எழுதுகிறார். ‘உன் குதிரைக்கு இவ்வளவு விலை தருகிறேன். நீ பதில் எழுதவில்லை என்றால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்.’ மருமகன் பதில் எழுதவில்லை. இதற்கிடையில் ஏலக்காரர் அந்தக் குதிரையைத் தவறுதலாக ஏலத்தில் விற்றுவிடுகிறார். ‘என் குதிரையை எப்படி விற்கலாம்?’ என்று மாமா கோர்ட்டுக்குப் போகிறார். தோற்றுப்போகிறார். மருமகனுக்கு விற்கும் எண்ணம் இருந்தது உண்மைதான். ஆனால், அதை அவன் மாமாவிடம் சொல்லவே இல்லையே! ‘நீ சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம்’ என இன்னொருத்தன் தலையில் நாமாகக் கட்ட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்கிற வாசகம் இந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே ஃபெயில். ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்தருக்குக் குதூகலம், இன்னொருத்தருக்குப் புதுச் சட்டை பாழ்.

“யோவ், பண்டிகைக்கும் பத்திரப்பதிவுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா கலர் பூசுவாங்க? கேட்டுட்டுப் பூசினா அது ஹோலி இல்லய்யா, பெயின்ட் வேலை!” என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

இந்த ஆட்சேபணையை லேசில் தள்ளிவிட முடியாது. அதில் விஷயம் இருக்கிறது.

மெக்கிம் மேரியட் என்று ஓர் அமெரிக்க மானிடவியலாளர். 1950-களின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். மதுராவிலிருந்து யமுனையைத் தாண்டி ஒரு நாள் நடைதூரத்தில் இருந்தது அந்த ஊர். ‘கிஷன் கடி’ என்று அதற்கு ஒரு புனைபெயர் வைத்தார். அங்கே பார்த்த ஹோலியைப் பற்றி 1966-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில் எழுதியிருக்கிறார். அதில் ஒரு காட்சி. ஐம்பது வயதைத் தாண்டிய ஆறு பிராமணர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், மூச்சிரைக்க நொண்டிக்கொண்டே ஓடுகிறார்கள். தடியோடு துரத்திக்கொண்டு வருவது யார் தெரியுமா? அவர்கள் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்கிற இளம்பெண்! இன்னொரு பக்கம், வசதியான விவசாயிகளின் முழங்காலுக்குக் கீழே ஊர்ப் பெண்கள் தடியால் விளாசுகிறார்கள். அடி வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பெண் அந்த ஆறு பேரிடமும் போய், ‘சாமி, அடிக்கலாமா?’ என்று கேட்டிருக்க வேண்டுமா? வருஷம் முழுக்க எதற்கெடுத்தாலும் அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்தானே! அனுமதி கேட்காமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே நாளில் போய் அனுமதி கேள் என்றால், அதைவிடக் குரூரம் என்ன இருக்க முடியும்?

ஆக, சம்மதம் மட்டுமே எல்லாவற்றுக்கும் அளவுகோல் இல்லை. இன்னொன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. கை எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நீளுகிறது?

கீழேயிருந்து மேலே நீண்டால் ஒரு நாளைக்காவது ஊர் தலைகீழாகிறது. மேலேயிருந்து கீழே நீண்டால்? அது எல்லா நாளும் நடப்பதுதானே. அதற்கு எதற்குப் பண்டிகை என்று ஒரு பெயர்?

2023 மார்ச்சில் டெல்லி பஹாட்கஞ்ச் பகுதியில் ஹோலி அன்று ஒரு ஜப்பானிய இளம்பெண்ணை ஆண்கள் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். பிடித்து இழுத்துக் கலர் பூசினார்கள். தலையில் முட்டையை உடைத்தார்கள். அவள் திமிறிக்கொண்டு விலகுவதை அந்த வீடியோவில் நாடே பார்த்தது. போலீஸ் மூன்று பேரைப் பிடித்தது, அதில் ஒருவன் சிறுவன். அந்தக் கும்பலில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், ‘சும்மா ஜாலிக்கு சார், ஹோலி இல்லையா!’ அங்கே தலைகீழானது எது? ஒன்றுமே இல்லை. தனியாக வரும் பெண்ணைக் கூட்டமாக நிற்கும் ஆண்கள் சீண்டுவதற்குப் பண்டிகைத் தேதி அவசியமே இல்லை. பண்டிகை அங்கே கொடுத்தது சாக்கு மட்டும்தான்.

கிஷன் கடி கிராமத்திலும் அடுத்த நாள் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தடியைப் பிடித்த கை மறுபடி விளக்குமாற்றைப் பிடித்தது. மாக்ஸ் க்ளக்மன் என்கிற இன்னொரு மானிடவியலாளர் இந்த மாதிரி சடங்குகளை ஆராய்ந்து, இவை கலகம் போலத் தெரிந்தாலும் கடைசியில் பழைய ஒழுங்கைத்தான் பலப்படுத்துகின்றன என்றார். நம்ம சமையலறையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரஷர் குக்கர். விசில் சத்தம் பெரிதாகத்தான் கேட்கும். ஆனால், விசில் அடிப்பதால் குக்கர் திறந்துகொள்வதில்லை. விசில் அடிப்பதால்தான் மூடி பத்திரமாக இருக்கிறது!

சரி, கிராமத்தில் ஒரு கட்டுப்பாடும் இல்லாமலா இத்தனை காலம் இந்த விளையாட்டு நடந்தது? இல்லை. ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது நமக்கும் நன்றாகத் தெரிந்ததுதான்.

நம்ம ஊர்க் கோயில் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டை நினைத்துப் பாருங்கள். குடத்தில் மஞ்சள் தண்ணீரை வைத்துக்கொண்டு பெண்கள் துரத்துவார்கள். வெள்ளை வேட்டியோடு எவனாவது தப்பித்துப் போகமுடியுமா? ஆனால், யார் யார் மேல் ஊற்றலாம் என்பதில் மட்டும் துளி குழப்பம் இருக்காது. மாமன், மச்சான், அத்தை மகன், கொழுந்தன். அண்ணன் தம்பி முறை ஆகிறவன் மேல் ஊற்ற மாட்டார்கள். அறியாத சின்னப்பெண் ஓடினால்கூட, ‘ஏ, அவன் உனக்கு அண்ணன் முறைடி!’ என்று ஒரு கிழவியின் குரல் வந்துவிடும்.

முறை. இந்த ஒரு வார்த்தைதான் கட்டுப்பாடு. கேலி பண்ண உரிமை உள்ளவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று உறவுமுறை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது. மச்சானாகப் பிறந்ததே சம்மதம் கொடுத்த மாதிரி! வடக்கே பர்சானாவின் லட்மார் ஹோலியிலும் இதே கதைதான். பர்சானா ஊர்ப் பெண்கள் தடியால் அடிப்பார்கள், நந்தகாவ் ஊர் ஆண்கள் கேடயத்தைப் பிடித்துத் தடுத்துக்கொள்வார்கள். கிருஷ்ணன் ஊர், ராதை ஊர் என்று அங்கேயும் ஒரு முறை. யார் அடிக்கலாம், யார் வாங்கலாம் என்பதில் அங்கேயும் சந்தேகமே கிடையாது.

அதாவது, நாம் வெறும் கும்மாளம் என்று நினைப்பதற்குள் ரொம்பக் கறாரான சட்டம் ஒன்று இருந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் குறைகள் ஏராளம். ஜாதி அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மச்சானாகப் பிறந்தவனைக் கேட்டு யாரும் மச்சானாக்கவில்லை. ஆனாலும், சட்டம் என்று ஒன்று இருந்தது.

இப்போது அந்தக் கும்மாளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நகரத்துப் பூங்காவுக்கு வாருங்கள். பக்கத்து பெஞ்ச்சில் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்கு என்ன முறை?

ஒரு முறையும் இல்லை! அதுதான் பூங்காவின் அழகு, பூங்காவின் பிரச்னையும் அதுதான்.

இந்த இடத்தில் உங்களை நியூயார்க் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். குவீன்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்று ஒரு பேட்டை. அங்கே லிபர்ட்டி அவென்யூ என்கிற கடைத்தெருவில் வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வரும். பெயர் ‘பக்வா’. பங்குனி என்று நாம் சொல்கிறோமே, அதன் வடமொழி உறவுக்காரப் பெயரான பால்குனத்திலிருந்து வந்த சொல். ஹோலிதான் அது. அலங்கார வண்டிகள், டோலக், பாட்டு எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பூங்காவில் போய் முடியும். காலண்டரில் வசந்தம் வந்திருக்கும், நியூயார்க் குளிர் போயிருக்காது. கோட்டுக்கு மேலே, குல்லாவுக்கு மேலே, தாத்தா பாட்டிகளின் தள்ளுவண்டிக்கு மேலேயெல்லாம் பிங்க்கும் பச்சையும் பறக்கும். முப்பது வருஷங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கம் இது.

இதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தியாவிலிருந்து நேரே போனவர்கள் என்று நினைத்தால் அது சரியில்லை. பெரும்பாலும் கயானாக்காரர்கள், டிரினிடாட்காரர்கள். 1838-ல் கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பல்கள் கயானா போய்ச் சேர்ந்தன. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1917 வரை இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 2,39,000 பேர் கயானாவுக்கு மட்டும் போனார்கள். அதிகம் பேர் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கத்து போஜ்புரிக்காரர்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினவர்களும் உண்டு. அவர்கள் வழி வந்தவர்களை ‘மதராசி’ என்றே அங்கே இன்றும் சொல்கிறார்கள். பாஷை போய்விட்டது, மாரியம்மன் மட்டும் அவர்களோடு நியூயார்க் வரைக்கும் வந்துவிட்டாள்.

அந்தக் கப்பல்களில் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதக்கணக்கில் கடல். எந்த ஜாதி, எந்த ஊர், யாருக்கு யார் என்ன உறவு என்ற கணக்கெல்லாம் கப்பல் தட்டில் கலைந்துபோயிற்று. பக்கத்தில் படுத்திருந்தவன் செத்தால் கொள்ளிபோடக்கூட முறை உள்ள ஆள் இல்லை. அப்போது அந்த ஜனங்கள் ஒரு புது முறையை உண்டாக்கினார்கள். ‘ஜஹாஜி பாய்.’ கப்பல் சகோதரன். ஒரே கப்பலில் வந்தவன் எனக்குச் சகோதரன், அவ்வளவுதான். சில குடும்பங்களில் கப்பல் சகோதரர்களின் பிள்ளைகளுக்குள் கல்யாணம் கட்டுவதைக்கூடத் தவிர்த்தார்கள். ரத்த உறவுக்குச் சமமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள்.

முறை என்பது பிறப்பில் மட்டும் வருவதில்லை. மனிதர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசி உண்டாக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ரிச்மண்ட் ஹில் பூங்காவுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அதற்கு இப்போது ஃபில் ரிசூட்டோ பூங்கா என்று பெயர். ரிசூட்டோ என்பவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர். இத்தாலிய வம்சாவளி. ரிச்மண்ட் ஹில் ஹைஸ்கூலில் படித்தவர். 2007-ல் அவர் காலமான பிறகு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதாவது, ஒரு காலத்தில் இத்தாலியப் பிள்ளைகள் பந்தடித்த பேட்டையில் இன்றைக்குக் கயானாப் பிள்ளைகள் கலர் வீசுகிறார்கள். நாளைக்கு வேறு யாரோ. பெயர்ப் பலகை ஒருத்தருடையது, பண்டிகை இன்னொருத்தருடையது, பெஞ்ச் எல்லோருக்கும் பொது.

நியூயார்க் நகரப் பூங்காக்களில் இருபது பேருக்கு மேல் கூடி ஒரு நிகழ்ச்சி நடத்தினால் பூங்கா இலாகாவிடம் பர்மிட் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. இடத்தைக் கேட்டு வாங்குகிறோம். நமக்கு ஒரு நாள் பாத்தியதை கிடைக்கிறது.

ஆனால், பூங்காவுக்குத்தான் பர்மிட் வாங்க முடியும். பூங்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரிடம் போய் பர்மிட் வாங்குவது?

பண்டிகை நாளில் ஒரு பூங்காவில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். கொண்டாட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வழக்கம்போல வந்தவர்கள். முதல் வகைக்குப் பிரச்னை இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிச்காரியோடு வந்தவரிடம் கேட்க வேண்டியதே இல்லை. அந்தச் சட்டையே சம்மதக் கடிதம்! இரண்டாவது வகை, அரை மனசுக்காரர்கள். ஒருத்தர் கொஞ்சம் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், முரட்டுத்தனமாக இழுத்தால் ஓடிவிடுவார்கள்.

மூன்றாவது வகைதான் நம்முடைய நியாய உணர்ச்சிக்கு வைக்கிற பரீட்சை. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த பெரியவர். இன்டர்வியூ முடிந்து வரும் பையன். ஆஸ்துமாக் குழந்தையோடு வந்த அம்மா. தொழுகைக்குப் போகிற வழியில் பூங்காவைக் கடப்பவர். இவர்கள் நம் பண்டிகைக்கு விருந்தாளிகள் இல்லை. நமக்கு அந்த இடத்தில் எவ்வளவு பாத்தியதையோ, அவ்வளவு அவர்களுக்கும். ‘நாங்க நிறைய பேர் இருக்கோம்’ என்பதால் அவர்களின் பங்கு குறைந்துவிடாது.

2025-ல் ஹோலி மார்ச் 14 அன்று வந்தது. அது ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை. உத்தரப்பிரதேசத்தின் சம்பல் நகரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி சொன்னது பெரிய சர்ச்சை ஆனது. வெள்ளிக்கிழமை வருஷத்துக்கு 52 தடவை வரும், ஹோலி ஒரு தடவைதான் வரும், கலர் பிடிக்காதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்பது அவர் பேச்சின் சாரம். சில ஊர்களில் ஊர்வலப் பாதையில் இருந்த மசூதிகளைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கலர் பட்டுக் கலவரம் வந்துவிடக் கூடாதே என்கிற எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. சட்டம் ஒழுங்கைக் காப்பவருக்கு அவருடைய கவலைகள்.

ஆனால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபாருங்கள். பிடிக்காதவன் உள்ளே இரு என்றால், தெரு யாருடையது என்று அர்த்தம்? பிடித்தவனுடையது என்றுதானே? ஒரு பொது இடத்தில் ஒருத்தன் கலர் படாமல் நடந்துபோகவே முடியாது என்றால், அந்த நிமிஷத்திலிருந்து அது பொது இடம் இல்லை. ஒரு கட்டடத்தைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றிவிடலாம். மனுஷனைத் தார்ப்பாய்க்குள் இருக்கச் சொன்னால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

இதுவரைக்கும் படித்துவிட்டு, “சரிப்பா, ஒதுங்கிப்போறோம். எங்க ஆளுங்களோட, எங்க மூலையில, யாருக்கும் தொந்தரவு இல்லாம கொண்டாடிட்டுப் போறோம். ஒருத்தர் மேலயும் ஒரு துளி படாது. போதுமா?” என்று கேட்கலாம்.

போதாது! இங்கேதான் விஷயம் திரும்பி அடிக்கிறது.

பிருந்தாவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் ஹோலி ஆடியதாகச் சொல்லப்படும் மண். அங்கே வீட்டாரால் கைவிடப்பட்ட விதவைகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். வெள்ளைப் புடவை, பஜனை, ஒரு வேளைச் சோறு. ஊரே கலரில் முங்கிக் குளிக்கும்போது அவர்கள் மேல் ஒரு துளி பட்டதில்லை. விதவைக்குக் கலர் ஆகாது என்பது வழக்கம். 2013-ல் சுலப் இன்டர்நேஷனல் அமைப்பு முன்கை எடுத்து அவர்களை ஹோலி ஆட வைத்தது. 2016-ல் பழமையான கோபிநாத் கோயிலுக்கு உள்ளேயே ஆடினார்கள். பூவும் பொடியும் வெள்ளைப் புடவையில் அப்பிக்கொள்ள, பல்லில்லாத வாயோடு சிரிக்கும் கிழவிகளின் போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை வருஷமும் அவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. அனுமதி இல்லாமல் ஒரு விரல்கூட அவர்கள் மேல் படவில்லை. ஒப்பந்தச் சட்டப்படி பார்த்தால் அப்பழுக்கில்லாத நடத்தை! ஆனால், அதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியுமா? ‘உன்னைத் தொட மாட்டேன்’ என்பது மரியாதையாகவும் இருக்கலாம், ஒதுக்கலாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அடுக்குமாடிப் பூங்காவுக்கே வருவோம். கலர் தட்டு, தண்டாய், டி.ஜே. எல்லாம் தயார். வாட்ச்மேன் ஓர் ஓரமாக நிற்கிறார். வீட்டு வேலைக்கு வந்த அக்கா இடுப்பில் செருகின முந்தானையோடு வேடிக்கை பார்க்கிறார். அவர்களுக்கு ஒரு பாக்கெட்டில் ஸ்வீட் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல மனசுதான். ஆனால், அவர்கள் முகத்தில் கலர் இருக்காது. ‘அவங்க தப்பா எடுத்துக்குவாங்களோன்னுதான் பூசலை’ என்போம். கேட்டோமா? இல்லை. ஜப்பானியப் பெண்ணிடம் கேட்காமலே பூசினார்கள். வாட்ச்மேனிடம் கேட்காமலே விட்டுவிட்டோம். முதலாவது கொடுமை, இரண்டாவது வெறும் அலட்சியம். ஒரே தராசில் நிறுக்கக் கூடாதுதான். ஆனால், இரண்டிலும் விட்டுப்போன விஷயம் ஒன்றே. எதிரே நிற்பவருக்கு ஒரு வாய் இருக்கிறது, அதில் ஒரு பதில் இருக்கக்கூடும் என்று யாரும் நினைக்கவில்லை.

கேட்பது என்றால் ஃபாரம் நீட்டுவது இல்லை. கையில் ஒரு சிட்டிகை பொடியை எடுத்துக்கொண்டு எதிரே போய் நிற்கலாம். ‘போடட்டுமா?’ என்று முகத்தைப் பார்க்கலாம். ஒரு விநாடி ஆகும். விரும்புகிறவர் தானாகவே நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். விரும்பாதவர் கையைக் கூப்புவார். கை கூப்பினால் பதிலுக்குக் கை கூப்பிவிட்டு நகர வேண்டியதுதான். பண்டிகை ஒன்றும் குறைந்துவிடாது. அந்த ஒரு விநாடியில் குதூகலம் வடிந்துபோய்விடும் என்பவர்கள், நெற்றியை நீட்டுகிறவரின் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள்.

அந்தத் தடி பிடித்த இளம்பெண்ணின் கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. அவளை நான் கேட்கச் சொல்ல மாட்டேன். வருஷம் பூராவும் கேட்டவர்கள் ஒரு நாள் கேட்காமல் இருக்கட்டும். வருஷம் பூராவும் கேட்காமலே எடுத்துக்கொண்டவர்கள் அந்த ஒரு நாளாவது கேட்டுப் பழகட்டும். யார் எந்தப் பக்கம் என்பது அவரவர்க்குத் தெரியும். எனக்குத் தெரிந்து, இந்தப் பத்தியைப் படிக்க வசதியும் அவகாசமும் உள்ள நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்க வேண்டிய பக்கத்தில்தான் இருக்கிறோம்.

ஹோலி வருகிற அதே பௌர்ணமியை ஒட்டி நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகை நடக்கும். லாவணிக் கச்சேரியில் இரண்டு கட்சி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்தே போனான் என்பது எரிந்த கட்சி. அதெல்லாம் இல்லை, அவன் எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடிய விடிய வாதாடுவார்கள். இரண்டு கட்சிக்கும் சமமாகக் கைத்தட்டல் விழும். தீர்ப்பு மட்டும் வந்ததில்லை. மனிதனுக்குள் இருக்கிற அந்தக் குறும்பு, அந்த ஆசை, அடுத்தவரைத் தொட்டுவிடத் துடிக்கிற அந்தக் கை, எரிந்து போகவும் இல்லை, போகப் போவதும் இல்லை. போகவும் வேண்டாம். அது இல்லாவிட்டால் பூங்காவில் வெறும் புல்தான் இருக்கும்.

அடுத்த பங்குனிக்கு உங்கள் குடியிருப்புப் பூங்காவில் கலர் பறக்கும்போது, பொடியை அள்ளின கையோடு ஒரு விநாடி நில்லுங்கள். கேட்டில் நிற்கிற பெரியவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், முதலில் அதைக் கேளுங்கள். கலரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.